துடைத்து வைத்த பெட்டி

மிஹாரா துறைமுகத்தை ஒட்டி, ஆட்களையும் கார்களையும் தீவுகளுக்கு ஏற்றிப்போகும் படகுக் கம்பெனி அலுவலகத்தில் காலையில் முதல் ஆளாக மாடியேறுகிறவள் நகோஷி ஃபுசாயே. வந்ததும் தன் கணினியைப் போட்டுவிட்டு, அது விழிப்பதற்குள் தேநீர் அறைக்குள் போய் அடுப்பில் கெண்டியை வைப்பாள். தண்ணீர் கொதிக்கும்வரை அங்கேயே நிற்பாள். ஆனால் அவள் நிற்பது தண்ணீருக்காக அல்ல. அடுப்புக்கு எதிர்ச் சுவரில் ஒரு தட்டு, அதன்மேல் இரண்டு கறுப்புப் பெட்டிகள். அலுவலகத்தின் பதிமூன்று கணினிகளிலிருந்தும் விரல் பருமனுக்கு வருகிற கேபிள்கள் அந்தப் பெட்டிகளில்தான் முடிகின்றன. ஒவ்வொருவராக வந்து கணினியைப் போடப் போட, பெட்டிக்குள் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்கும். நகம் வெட்டுகிற சத்தம் அளவுதான் இருக்கும். ஃபுசாயே அதை எண்ணுவாள். பதிமூன்றாவது டிக் கேட்ட பிறகுதான் கோப்பைகளைத் தாம்பாளத்தில் அடுக்குவாள்.

"பன்னண்டோட நின்னுபோச்சுன்னா?" என்று முன்பதிவு மேசையில் இருக்கும் செனோ ஒருநாள் கேட்டாள்.

"யாரோ லீவுன்னு அர்த்தம்."

"பதினாலு கேட்டுச்சுன்னா?"

"நான் காது டாக்டர்கிட்ட போகணும்னு அர்த்தம்."

ஃபுசாயேவுக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது. பதினெட்டு வயதில் படகுத்துறையில் டிக்கெட் கிழித்துக் கொடுக்கிற வேலைக்குச் சேர்ந்தவள். ஏழு வருடம் கழித்து மாடிக்கு, பொது நிர்வாகத்துக்கு வந்தாள். பொது நிர்வாகம் என்றால் காகிதம், பேனா, மின்விளக்கு, நகல் எடுக்கும் மெஷின், குளிர்காலத்தில் மண்ணெண்ணெய் அடுப்பு. எண்பத்து ஒன்பதில் ஹிரோஷிமாவிலிருந்து ஆட்கள் வந்து கணினிகளை ஒரு வளையமாக இணைத்துக் கொடுத்தபோது, "ஒயர் இருக்கிற சாமான் எல்லாம் நகோஷி சானோடது" என்று பிரிவுத் தலைவர் ஓச்சி, குடும்பப் பெயரோடு மரியாதைக்கு ஒரு 'சான்' சேர்த்துச் சொல்லிவிட்டார். நியமன உத்தரவு என்று சொல்ல அவ்வளவுதான்.

வந்தவர்கள் ஒன்றரை நாள் இருந்தார்கள். போகும்போது மூன்று தடிமனான புத்தகங்களை விட்டுவிட்டுப் போனார்கள். ஃபுசாயே குடியிருப்பது ஒரு தீவில். அலுவலகத்துக்குப் படகில் முப்பத்தைந்து நிமிடம். போகும்போதும் வரும்போதும் அந்தப் புத்தகங்களைப் படித்தாள். மூன்றையும் முடிக்க இரண்டு வருடம் ஆயிற்று. மடியில் ஒரு நோட்டும் இருக்கும். இடது பக்கத்தில் புத்தகம் சொல்வதை எழுதுவாள். அதையே தன் கண்ணால் பார்த்த பிறகு, பார்த்ததை வலது பக்கத்தில் எழுதுவாள். பார்க்காதவரை வலது பக்கம் வெள்ளையாகவே கிடக்கும். புத்தகம் சொன்னதாலேயே ஒரு விஷயம் நிஜமாகிவிடும் என்று அவள் ஒருபோதும் எடுத்துக்கொண்டதில்லை. பொய் என்றும் எடுத்துக்கொண்டதில்லை.

அப்படி அவள் கண்டுகொண்டது இது. கணினிகள் எல்லாம் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக வட்டமாய் நிற்கின்றன. ஒரு டோக்கன் கைமாறிக் கைமாறிச் சுற்றிக்கொண்டே இருக்கும். டோக்கன் யார் கையில் வருகிறதோ அவர்தான் பேசலாம். பேசுவதையும் பக்கத்தில் இருப்பவர் காதில்தான் போடலாம். அவர் அடுத்தவர் காதில் போடுவார். அப்படியானால் நடுவில் ஒருவர் எழுந்து போய்விட்டால்? எல்லோருக்கும் முதலில் தோன்றும் கேள்வி இதுதான். ஃபுசாயேவுக்கும் தோன்றியது.

பதில் அந்தக் கறுப்புப் பெட்டிக்குள் இருந்தது. ஒவ்வொரு கணினியும் தன் கேபிள் வழியாகப் பெட்டிக்கு ஒரு சின்ன மின்சாரத்தை அனுப்பிக்கொண்டே இருக்கும். 'நான் இருக்கிறேன்' என்று கதவைத் தட்டுவது மாதிரி. அது வந்ததும் உள்ளே இருக்கிற ரிலே என்ற சின்ன விசை 'டிக்' என்று திறந்து அந்தக் கணினியை வட்டத்துக்குள் விடும். கணினியை அணைத்தாலும் சரி, கேபிளையே பிடுங்கினாலும் சரி, அந்த மின்சாரம் நின்றுபோகும். ரிலே 'டிக்' என்று பழைய இடத்துக்குத் திரும்பும். இந்தப் பக்கத்து ஆளையும் அந்தப் பக்கத்து ஆளையும் அதுவே சேர்த்து வைத்துவிடும். போனவர் போனதை மற்றவர்கள் உணரக்கூட மாட்டார்கள். இதைப் பார்ப்பதற்காகவே ஒரு மதிய இடைவேளையில் தன் கணினியின் கேபிளைப் பிடுங்கிப் பார்த்து, வலது பக்கத்தில் எழுதினாள்: 'பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை.'

இன்னொன்றும் உண்டு. போன வருடம் செனோவின் கணினிக்குள் இருந்த இணைப்பு அட்டை கெட்டுப்போய் வளையம் முழுக்கக் குழம்பியது. அப்போது அடுத்த இடத்துக் கணினி விடாமல் கத்தியது: 'எனக்கு முன்னால் இருப்பவரிடமிருந்து ஒன்றும் சரியாக வரவில்லை.' கத்தல் வட்டம் முழுக்கச் சுற்றி செனோவின் கணினிக்கே வந்து சேர்ந்தது. அது உடனே தானாக வளையத்தை விட்டு வெளியே போய்த் தன்னைச் சோதித்துப் பார்த்துக்கொண்டது. தன்மேல்தான் கோளாறு என்று தெரிந்ததும் வெளியிலேயே இருந்துவிட்டது. ஒருவேளை கோளாறு இல்லையென்றால் அது திரும்பி உள்ளே வரும். அதற்குப் பிறகும் குழப்பம் தீராவிட்டால் புகார் சொன்ன கணினி வெளியே போய்த் தன்னைச் சோதித்துக்கொள்ள வேண்டும். அதுதான் முறை. இந்த இரண்டாவது பாதியை மட்டும் ஃபுசாயே பார்த்ததில்லை. அந்த வலது பக்கம் காலி.

இவ்வளவு தெரிந்தவளிடம் ஒரு குணமும் இருந்தது. தூசியைக் கண்டால் பொறுக்காது. ஒவ்வொரு கேபிளுக்கும் வெள்ளை நூலில் சீட்டுக் கட்டி, யாருடையது, என்றைக்குப் போட்டது என்று எழுதியிருப்பாள். சீட்டு சற்றுத் திரும்பியிருந்தால் போகிற போக்கில் நேராக்கிவிட்டுப் போவாள். "வளையத்துக்கு வாய்ச்ச மாமியார்" என்று ஓச்சி அவளைக் கேலி செய்வார். "மருமக ஒழுங்கா இருந்தா மாமியார் ஏன் பேசப்போறா?" என்பாள் ஃபுசாயே.

தொண்ணூற்று மூன்றாம் வருடம் டிசம்பர் இருபத்தேழாம் தேதி. வருடக் கடைசிப் பெருந்துப்புரவு. மறுநாள் புத்தாண்டுக்கு ஊர் திரும்புகிறவர்கள் காரோடு வந்து குவிவார்கள். அதற்குமுன் மதியம் ஒரு மணியிலிருந்து மூன்று மணிவரை முன்பதிவை மூடிவிட்டு, தலைவர் முதல் கடைசி ஆள்வரை தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு அலுவலகத்தைத் துடைத்தார்கள். சாயங்காலம் ஆறு மணிக்குச் சாப்பாட்டுக் கடையில் எல்லோருக்கும் ஆக்டோபஸ் சோறும் சாக்கே மதுவும் சொல்லியிருந்தது.

ஹிராதானிக்கு அது மற்றவர்களைவிடக் கொஞ்சம் வேறு மாதிரியான நாள். முப்பது வருடம் படகுத்தளத்தில் கார்களை ஏற்றி இறக்கி நிறுத்தியவர். முழங்கால் போனபிறகு மாடிக்கு வந்து ஒன்பது வருடமாக முன்பதிவு பார்த்துக்கொண்டிருந்தார். மார்ச்சில் ஓய்வு. அவருடைய மேசை புது வருடத்தில் வேறொருவருக்குப் போகிறது என்று அன்று காலையில்தான் ஓச்சி சொல்லியிருந்தார். மார்ச்வரை ஜன்னலோரம் ஒரு நாற்காலி. ஹிராதானி மதியம் தன் கணினியை அணைத்து, கேபிளைக் கழற்றி, திரையையும் விசைப்பலகையையும் துடைத்து, துணியில் மூட்டை கட்டி அலமாரிமேல் வைத்துவிட்டார். கப்பலை விட்டு இறங்குகிறவன் தன் படுக்கையைக் காலி செய்துவிட்டு இறங்குவான். அவருக்கு அது பழக்கம்.

மூன்று மணிக்கு எல்லோரும் தலைத்துண்டை அவிழ்த்துவிட்டுக் கணினியைப் போட்டார்கள். ஃபுசாயே தேநீர் அறையில் துணியை அலசிக்கொண்டிருந்தாள். டிக் என்றது. ஒன்று. சில விநாடி கழித்து மறுபடி டிக். அது அடுத்த கணினி அல்ல, அதே கணினி. உள்ளே போனது வெளியே வந்துவிட்டது. பிறகு இன்னொன்று போனது, வந்தது. அவள் கையிலிருந்த துணியைப் பிழியாமலே வைத்தாள்.

வெளியே செனோவின் குரல் கேட்டது. "நகோஷி சான்! 'வளையத்துல சேர முடியலை'ன்னு வருது. எனக்கு மட்டுமா?"

"எனக்கும்தான்."

"இங்கேயும் அதேதான்."

தொலைபேசிகள் ஒரே நேரத்தில் அடிக்க ஆரம்பித்தன. செனோ ஒரு வெள்ளைத்தாளில் கோடு போட்டுப் பென்சிலால் கார்களைக் குறிக்கத் தொடங்கினாள். பக்கத்து மேசைக்காரரும் வேறொரு தாளில் அதே படகுக்குக் கார்களைக் குறித்துக்கொண்டிருந்தார். ஓச்சி வயிற்று மருந்துப் பொடியை வாயில் கொட்டிக்கொண்டு நடுவில் வந்து நின்றார். அவர் கண் அலமாரிமேல் இருந்த மூட்டைக்குப் போனது.

"இதை யாரு கழட்டினது?"

"நான்தான்" என்றார் ஹிராதானி. "தொடைக்கணும்ல."

"யாரைக் கேட்டுக் கழட்டினீங்க?"

"என் மேசைய தொடைக்க யாரைக் கேக்கணும், தலைவரே?"

"வளையம்னா என்ன, ஹிராதானி சான்? கையைக் கோத்துக்கிட்டு நிக்கிறது. ஒருத்தர் கோவிச்சுக்கிட்டுக் கையை உதறிட்டுப் போனா மத்தவங்க கதி என்ன? மேசைய எடுத்தது உங்களுக்குக் கோவம்தான், எனக்குப் புரியுது. அதுக்காக இந்த நாள்லயா?"

ஹிராதானியின் கழுத்து சிவந்தது. "கோவம் வந்தா மூஞ்சிக்கு நேரா சொல்றவன் நான். ஒயரைப் புடுங்கிக் காட்டுறவன் இல்லை."

ஃபுசாயே குறுக்கே வந்தாள். "தலைவரே, கேபிளைப் புடுங்கினா வளையம் அறுந்துபோகாது. பெட்டி தானா மூடிக்கும்."

"அப்போ ஏன் அறுந்திருக்கு?"

அவள் ஓடிப்போய் மூட்டையை அவிழ்த்து ஹிராதானியின் கணினியைப் பழைய இடத்தில் வைத்துக் கேபிளைச் செருகிப் போட்டாள். டிக். பத்து விநாடி. டிக். அதுவும் வெளியே வந்துவிட்டது.

"பார்த்தீங்களா?" என்றார் ஓச்சி. "கரண்டு ஓடுறப்போ புடுங்கியிருக்காரு. எங்கேயோ எரிஞ்சுபோச்சு."

"அணைச்சுட்டுத்தான் புடுங்கினேன்."

"யாரு பார்த்தா?"

யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் அவரவர் தூசியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஓச்சி கெட்டவர் அல்ல. நாளை வந்து குவியப்போகும் ஜனக்கூட்டத்தை நினைத்துப் பயந்திருந்தார். அவர் மேசைமேல் ஒரு கடிதம் இருந்தது. ஹிராதானியின் சொந்தத் தீவில், படகுத்துறை டிக்கெட் அறைக்கு ஓய்வுக்குப்பின் இரண்டு வருடத்துக்கு அவரை வைத்துக்கொள்ளலாம் என்று தலைமை அலுவலகத்துக்கு எழுதிய சிபாரிசு. ஒரே ஒரு வரி மட்டும் பாக்கி: 'நடத்தை'. ஐந்து மணிக்குத் தபால் பையைக் கட்டி ஐந்து பத்துப் படகில் அக்கரைக்கு அனுப்ப வேண்டும். மறுநாள் தலைமை அலுவலகம் மூடுகிறது. திறக்கும்போது அந்த இடத்துக்கு வேறு ஆள் போட்டிருப்பார்கள்.

"இதுல நான் 'நன்று'ன்னு எழுதி முத்திரை போடணும்" என்றார் ஓச்சி, கடிதத்தைத் தட்டிக்காட்டி. "கோவத்துல கம்பெனி வேலையை நிறுத்தினவருக்கு எப்படிப் போடுறது? நீங்களே சொல்லுங்க, நகோஷி சான்."

ஹிராதானி அந்தத் தீவில்தான் பிறந்தார். அவர் மனைவி அங்கே ஆரஞ்சுத் தோட்டத்தைத் தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்பது வருடமாகக் கடைசிப் படகில் போய் முதல் படகில் திரும்புகிறவர். அவருக்கு அந்த டிக்கெட் அறை என்னவென்று அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். தலை குனியாமல் நின்றுகொண்டிருந்தார். ஆனால் கையில் இருந்த தலைத்துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"அஞ்சு மணிவரைக்கும் அந்த வரியை எழுதாதீங்க" என்றாள் ஃபுசாயே. "ஹிரோஷிமாவுக்கு ஃபோன் பண்ணினா ஆள் வர நாளைக்கு மதியம் ஆகும். எனக்கு அஞ்சு மணிவரைக்கும் டைம் குடுங்க."

மணி மூன்று நாற்பது.

தேநீர் அறையில் ஏணியைப் போட்டு ஏறினாள். செனோ ஒரு காதில் தொலைபேசியை வைத்துக்கொண்டே கதவருகில் நின்று, எந்தக் கணினி என்ன சொல்கிறது என்று பார்த்துச் சொல்ல ஒப்புக்கொண்டாள். முதலில் இரண்டு பெட்டிகளையும் இணைக்கிற கேபிள்களை ஃபுசாயே கழற்றினாள். கழற்றினால் ஒவ்வொரு பெட்டியும் தன்னளவில் ஒரு சின்ன வட்டமாக மூடிக்கொள்ளும். முதல் பெட்டிக்காரர்களைக் கணினியைப் போடச் சொன்னாள். டிக், டிக், டிக்... ஏழு. ஏழும் உள்ளேயே நின்றன.

"எங்க பக்கம் வந்துடுச்சு!" என்று யாரோ கத்தினார்.

அடுத்து இரண்டாவது பெட்டிக்காரர்கள். டிக், டிக். டிக், டிக். போனதெல்லாம் திரும்பின.

"ரெண்டாவது பெட்டிதானா?" கதவருகில் ஓச்சி. "ஹிராதானி சானோட கேபிள் எதுல இருக்கு?"

"ரெண்டாவதுல. அஞ்சாம் துளை."

ஓச்சி உதட்டைக் கடித்துக்கொண்டு திரும்பினார். தேடத் தேட ஹிராதானிக்கு எதிராகத்தான் போகிறதோ? ஆனால் பாதி வழியில் நிறுத்துகிறவள் அல்ல ஃபுசாயே. இரண்டாவது பெட்டியிலிருந்து ஆறு கேபிள்களையும் கழற்றினாள். ஹிராதானியுடையதைக் கீழே தொங்கவிட்டாள். முதல் துளையில் ஒன்று, இரண்டாம் துளையில் ஒன்று, இரண்டே கணினிகளை மட்டும் செருகினாள்.

"போடுங்க."

டிக், டிக். பத்து விநாடி. டிக், டிக்.

வேறு இரண்டைச் செருகினாள். அதே கதைதான். மற்ற இரண்டையும், ஹிராதானியின் கேபிள் உட்பட, முதல் பெட்டியில் காலியாக இருந்த ஒரே துளையில் ஒன்றன்பின் ஒன்றாகச் செருகிப் பார்த்தாள். அவருடைய கணினி அங்கே 'டிக்' என்று போய் அப்படியே உட்கார்ந்துகொண்டது.

"செனோ சான், அவரோட திரை என்ன சொல்லுது?"

"முன்பதிவுப் பட்டியல் வந்துடுச்சு! கலர்கூடப் போகலை."

அப்படியானால் அவர் கணினி எரியவில்லை. கேபிள் எரியவில்லை. யாருடைய கணினியும் குற்றவாளி இல்லை. குற்றம் பெட்டியில். குற்றம் சாட்டப்பட்டவர் வெளியே போய்ச் சோதனையில் தேறித் திரும்பிவிட்டார். ஏணியின் நடுப்படியில் நின்றபடியே ஃபுசாயேவுக்கு நோட்டின் அந்தக் காலிப் பக்கம் ஞாபகம் வந்தது. அடுத்துத் தன்னைச் சோதிக்க வேண்டிய முறை யாருடையது?

யாரெல்லாம் அந்தப் பெட்டியைத் தொட்டார்கள்? ஹிராதானி தொடவில்லை. கேபிளை மேசைப் பக்கத்தில்தான் கழற்றினார். தேநீர் அறையைத் துடைத்தது யார்?

அவள்தான்.

ஒன்றே முக்காலுக்குத் தட்டைத் துடைக்க வந்தபோது, பெட்டிகளுக்குப் பின்னால் நாலு வருடத் தூசி அடைந்திருந்ததைப் பார்த்தாள். அப்போது எல்லாக் கணினிகளும் அணைந்திருந்தன. கேபிள்களைச் சீட்டுப் பார்த்து ஒவ்வொன்றாகக் கழற்றி, இரண்டாவது பெட்டியைக் கீழே இறக்கினாள். காலியாக இருந்த ஏழாம், எட்டாம் துளைகளுக்குள் தூசி பஞ்சு மாதிரி இருந்தது. துணி உள்ளே போகவில்லை. பெட்டியைக் கவிழ்த்து ஜன்னல் விளிம்பில் தட்டினாள். மூன்று தட்டு. தூசி கொட்டியது. திருப்தியாக இருந்தது. பிறகு அதே இடத்தில், தட்டில் பெட்டியின் கால்கள் பதிந்திருந்த நான்கு அடையாளங்களின் மேலேயே இம்மி பிசகாமல் வைத்துக் கேபிள்களைச் செருகினாள்.

பெட்டியின் பக்கவாட்டில் வெள்ளை நூலில் தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய ஒரு சாதனம் தொங்கிக்கொண்டிருந்தது. அதில் அவள் கையெழுத்திலேயே ஒரு சீட்டு: 'பெட்டியை இடம் மாற்றினால் ஒவ்வொரு துளையிலும் செருகவும்.' அதிர்வில் ரிலே தவறான பக்கம் மாட்டிக்கொள்ளும், பெட்டிக்குச் சொந்தமாகக் கரண்டு கிடையாது, தானாகத் திரும்பாது, இந்தச் சாதனத்தின் பேட்டரிதான் அதைத் திருப்ப வேண்டும் என்று புத்தகம் சொல்லியிருந்தது. நாலு வருடமாகப் பெட்டி இடம் மாறவில்லை. இன்றும் இடம் மாறவில்லை. துடைத்து அதே இடத்தில்தானே வைத்தாள்? துடைப்பதை நகர்த்துவதென்று அவள் நினைக்கவே இல்லை. சீட்டைக்கூடத் துடைத்து நேராக்கியிருந்தாள்.

அவளுக்கு ஒரு கணம், ஒரே ஒரு கணம், ஒன்றும் சொல்லாமல் சரிசெய்துவிடலாமே என்றும் தோன்றியது. தோன்றியதை மறைப்பதில் பயனில்லை. எல்லாக் கேபிள்களையும் கழற்றிவிட்டு, அந்தச் சின்னச் சாதனத்தை முதல் துளையில் செருகினாள். அதன் விளக்கு ஒரு மினுக்கு மினுக்கி அணைந்தது. இரண்டு. மூன்று. நான்கு. ஐந்து, ஹிராதானியின் துளை: சத்தமே இல்லை, அது ஒழுங்காகத்தான் மூடியிருந்தது. ஆறு. ஏழு. எட்டாம் துளையில் செருகியபோது விளக்கு எரிந்தது, எரிந்தது, எரிந்துகொண்டே இருந்தது. பிறகு பெட்டிக்குள் அழுத்தமாக ஒரு டிக். விளக்கு அணைந்தது.

நாலு வருடமாக யாருமே உட்காராத துளை. யாரும் இல்லாத அறையின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, டோக்கன் அதற்குள் போய்த் திரும்பி வரும் என்று வளையம் முழுக்கக் காத்துக் கிடந்திருக்கிறது. ஆள் எழுந்துபோன துளை அல்ல, ஆளே இல்லாத துளை.

கேபிள்களைச் சீட்டுப்படி செருகினாள். பெட்டிகளை இணைத்தாள். "எல்லாரும் ஒருத்தர் பின்னால ஒருத்தரா போடுங்க!" என்றாள்.

டிக். டிக். டிக். ஏணியின்மேல் கண்ணை மூடிக்கொண்டு எண்ணினாள். பதிமூன்று. காத்திருந்தாள். பத்து விநாடி. இருபது. ஒன்றும் திரும்பி வரவில்லை.

அறைக்கு வெளியே கைதட்டல் கேட்டது. செனோ, "ரெண்டு தாளையும் ஒத்துப் பாருங்க, காலை எட்டு மணிப் படகுல ஏழு கார் அதிகம் குறிச்சிருக்கோம்!" என்று கத்திக்கொண்டிருந்தாள்.

ஃபுசாயே ஏணியிலிருந்து இறங்கிக் கூடத்துக்கு வந்தாள். மணி நாலு முப்பத்தைந்து. ஓச்சியின் மேசைக்கு முன்னால் நின்று இடுப்புவரை குனிந்தாள்.

"தலைவரே, ஹிராதானி சான் ஒண்ணும் பண்ணலை. நான்தான். பெட்டியை இறக்கித் தட்டித் தூசி எடுத்தேன். ரிலே மாட்டிக்கிச்சு. பெட்டியை அசைச்சா சரிபார்க்கணும்னு நானே சீட்டு எழுதிக் கட்டியிருக்கேன். கட்டிவச்சும் பண்ணினேன்."

ஓச்சி அவளைப் பார்த்தார், தேநீர் அறையைப் பார்த்தார், மறுபடி அவளைப் பார்த்தார்.

"நீங்களா?"

"ஆமா."

"தூசி தட்டியா?"

"மூணு தட்டு."

ஓச்சியின் தோள்கள் முதலில் இறங்கின. பிறகு குலுங்கின. மருந்துப் பொட்டலத்தைக் கையில் பிடித்தபடியே அவர் சிரித்தார். "மாமியார் மருமகளைக் குளிப்பாட்டுறேன்னு தலைகீழாப் புடிச்சு உலுக்கியிருக்காங்க!"

செனோ தொலைபேசியின் வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரித்தாள். "இருபத்தஞ்சு வருஷத்துல நகோஷி சானோட முதல் தப்பு. எல்லாரும் தேதியைக் குறிச்சுக்குங்க."

ஹிராதானி மட்டும் சிரிக்கவில்லை. ஓச்சியும் சிரிப்பை நிறுத்திவிட்டு எழுந்தார். மேசையைச் சுற்றி வந்து, ஹிராதானிக்கு முன்னால் நின்று, எல்லோரும் பார்க்கக் குனிந்தார். "தெரியாமப் பேசிட்டேன். மன்னிச்சுடுங்க."

"விடுங்க, தலைவரே" என்றார் ஹிராதானி. "ஆனா மணி என்னன்னு பாருங்க."

ஓச்சி தாவிப்போய் உட்கார்ந்தார். 'நடத்தை' என்ற வரிக்கு எதிரே 'நன்று' என்று எழுதினார். பேனாவை எடுக்காமல் சற்று யோசித்து முன்னால் 'மிக' என்று சேர்த்தார். முத்திரையைச் சிவப்பு மையில் ஒற்றி அழுத்தினார். ஃபுசாயே ஊதிக் காயவைத்து உறையில் போட்டு ஒட்டினாள். தபால் பையைத் தினமும் படகுக்குக் கொண்டுபோகிறவர் ஹிராதானி. அன்றும் அவரே தோளில் மாட்டிக்கொண்டு, முழங்காலைத் தாங்கித் தாங்கிப் படியிறங்கினார். ஜன்னல் வழியே ஃபுசாயே பார்த்துக்கொண்டே நின்றாள். படகின் கதவு மேலே மடங்குவதற்குள் பை உள்ளே போயிற்று. அதுவரை பிடித்து வைத்திருந்த மூச்சு அப்போதுதான் வெளியே வந்தது. ஜன்னல் கண்ணாடி வெள்ளையாயிற்று. துடைக்கவேண்டும் என்று கை போனது. விட்டுவிட்டாள்.

அவர் திரும்பி வந்தபோது அவள் தன் மேசையில் நோட்டைத் திறந்து வைத்திருந்தாள். வலது பக்கத்தில் புதிதாக இரண்டு வரிகள்: 'பார்த்தேன். துடைப்பதும் நகர்த்துவதே. புகார் தீராவிட்டால் நம்மையே சோதிக்க வேண்டும்.'

ஹிராதானி பக்கத்தில் வந்து நின்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். "நிஜமாவே ஒண்ணும் ஆகாதா? நான் அப்போ கழட்டினப்போ?"

"ஆகாது."

"இப்போ கழட்டிப் பார்க்கவா? நீங்க அங்க போய் நின்னு கேளுங்க. எனக்கு அது கேட்டதே இல்லை."

"நானே கழட்டுறேன். நீங்க போய்க் கேளுங்க" என்றாள் ஃபுசாயே.

அவர் தேநீர் அறைக்குள் போய்ப் பெட்டிகளுக்குக் கீழே தலையைச் சாய்த்து நின்றார். இவள் அவருடைய கணினியை அணைத்துவிட்டுக் கேபிளைக் கழற்றினாள். கூடத்தில் செனோ தொலைபேசியில், "சரிங்க, ஒன்பதரைப் படகுல ஒரு கார், பெரியவங்க ரெண்டு பேர், போட்டாச்சு" என்று தட்டிக்கொண்டே இருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

தேநீர் அறையிலிருந்து ஹிராதானி வெளியே வந்தார். முகத்தில் அன்று முதல்முறையாகச் சிரிப்பு இருந்தது.

"டிக்குன்னுச்சு" என்றார். "அவ்வளவுதான்."

"அவ்வளவுதான்."

"நல்லதாப் போச்சு." துணியை எடுத்துக் கணினியை மறுபடி மூட்டை கட்டத் தொடங்கினார். முடிச்சுப் போடும்போது அவர் மெல்லச் சீட்டியடித்தார். "வாங்க, நகோஷி சான். ஆக்டோபஸ் ஆறிப்போயிடும். முதல் கோப்பை உங்களுக்கு நான் ஊத்துறேன். தப்புப் பண்ணினவங்களுக்குத்தான் முதல்ல."

ஃபுசாயே மண்ணெண்ணெய் அடுப்பை அணைத்தாள். விளக்கை அணைக்குமுன் தேநீர் அறையை எட்டிப் பார்த்தாள். இரண்டாவது பெட்டியின் பக்கத்தில் சீட்டு சற்றுத் திரும்பித்தான் இருந்தது. நேராக்காமல் கதவைச் சாத்திவிட்டுக் கீழே இறங்கினாள்.